மறுத்தவர்கள் தேவை

யோகராஜுக்கு வலது தோள் செத்துக் கிடந்தது. விடியுமுன் எழுந்து ரப்பர் மரங்களில் பால் வெட்டி, சிரட்டைகளில் வடிந்ததை வாளியில் சேர்த்து, இரண்டு வாளிகளைக் கம்பின் இரு முனையிலும் மாட்டி மேடும் பள்ளமுமாய்ச் சுமந்துபோய் ஸ்டோரில் ஊற்றுகிறவனின் தோள் அது. கழுத்துக்குக் கீழே ஒரு முடிச்சு விழுந்திருந்தது. தொட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அந்தத் தோளில்தான் அன்றைக்கு விழாச் சாமான்களையும் ஏற்றினார்கள்.

அது தடுப்பூசி விழா, அவன் மகளுக்காகவும்தான். அதனால் அவன் முனகவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் வந்து, பெரிய தீவில் இறங்கி, அங்கிருந்து எஞ்சின் படகில் மாறி வர வேண்டிய தீவு அது. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழ்ச் சனங்களுக்கு அது ரப்பர் தீவு. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரு நாள் வேலையை அவர்கள் இன்னமும் 'பேர்' என்றே சொன்னார்கள். வேலைக்குப் போனால் பேர் விழும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் போனால் பேர் விழாது. அப்படியும் போனார்கள்.

யோகராஜின் மகள் தனுஷிகாவுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைக்கு ஊசி போட வேண்டும். அவன் மனைவி அகிலாவுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளுடைய தம்பி ஒருவன் தட்டம்மையில்தான் போனான். கல்யாணமான புதிதில் யோகராஜ் அவளிடம் எதையெதையோ கேட்டிருப்பான். அவள் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: பிள்ளை பிறந்தால் ஊசி எதுவும் தப்பக் கூடாது. முந்தின ஊசிகள் எதுவும் தப்பவில்லை. இந்த ஊசிதான் மூன்று மாதமாக 'அடுத்த படகில்' வந்துகொண்டிருந்தது. அதற்குள் பெரிய தீவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண் சிவந்து, மேலெல்லாம் தடித்திருப்பதாகப் படகுக்காரன் சொல்லிவிட்டுப் போனான்.

ஊசி வராததற்குக் காரணம் என்னவென்று போர்ட் பிளேரில் பல கூட்டங்கள் போட்டு ஆராய்ந்தார்கள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். சனங்களுக்குத் தயக்கம். உடனே தயக்க நிவாரணப் பிரிவு என்று ஒன்று உண்டானது. அதற்கு ஒரு இணை இயக்குநர், ஒரு ஜீப், ஒரு ஒலிபெருக்கி. இணை இயக்குநராக வந்தவர் பழனிசாமி. சேலம் பக்கத்துக்காரர். போர்ட் பிளேர் ஷாதிபூரில் குவார்ட்டர்ஸ் வாங்கி நெடுங்காலமாயிற்று. அவர்தான் அன்றைக்குப் படகில் வந்து இறங்கினார்.

படகுத்துறை ஜெட்டியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த யோகராஜிடம் இந்திராணி சிஸ்டர் ஓடி வந்தாள். தீவின் துணை சுகாதார நிலையத்துக்கு இருக்கும் ஒரே நர்ஸ் அவள்.

"யோகு, நீலப் பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி சிஸ்டர்?"

"ஐஸ் வச்ச பெட்டி. அதுலதான ஊசி மருந்து இருக்கு."

"நாற்காலி வந்துச்சு. மைக் செட்டு வந்துச்சு. கேடயம் வந்துச்சு. நீலத்துல வந்தது பேனர் மட்டுந்தான்."

பெரிய தீவில் படகுக்காரன் பாரம் அதிகம் என்று சொல்லியிருக்கிறான். ஒன்றை இறக்கினால்தான் படகு எடுப்பேன் என்றிருக்கிறான். பேனரில் மேலதிகாரியின் படம் இருந்தது. கேடயத்தில் பழனிசாமியின் பெயர் இருந்தது. நாற்காலி இல்லாமல் விழா நடக்காது. நீலப் பெட்டியில் யார் படமும் பெயரும் இல்லை. அதை இறக்கிவிட்டார்கள். அடுத்த நடையில் வரும் என்றார்கள். அதற்குள் கடல் புரண்டது. அடுத்த நடை வரவில்லை.

விழா நின்றுவிடவில்லை. பழனிசாமி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"தாய்மார்களே. உங்கள் உள்ளத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது. இல்லை என்று சொல்லாதீர்கள். அது இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைப் போக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இல்லாத ஒன்றைப் போக்க அரசாங்கம் சம்பளம் கொடுக்குமா?"

முன் வரிசையில் பேரனை மடியில் வைத்திருந்த ரெங்கம்மா எழுந்தாள். வெயில் ஏறினால் சிரட்டையில் பால் உறைந்துவிடும் என்ற கவலை அவளுக்கு.

"ஊசிய எப்பங்க போடுவீங்க?"

பழனிசாமி புன்னகைத்தார். "பாருங்கள். கேள்வி வருகிறது. தயக்கத்தின் முதல் அறிகுறியே கேள்விதான். அம்மா, பயப்படாதீர்கள்."

"பயமெல்லாம் இல்லீங்க. கையை நீட்டிக்கிட்டுத்தான் இருக்கான்."

"பயமில்லை என்று சொல்வது இரண்டாவது அறிகுறி."

ரெங்கம்மா உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது அறிகுறி என்னவென்று தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

பேச்சு முடிந்தது. ஆனாலும் பிள்ளைகளைச் சும்மா அனுப்ப முடியாது. படம் எடுத்து அனுப்ப வேண்டும். பழனிசாமி யோசித்தார். நம் பண்பாட்டுப்படி குழந்தைகளுக்குத் திலகமிட்டு வாழ்த்துவோம் என்றார். தட்டில் குங்குமம் வந்தது. வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு பிள்ளை நெற்றியிலும் அவரே கட்டைவிரலால் இழுத்துவிட்டார். தனுஷிகா ஏதோ குத்தப்போகிறார்கள் என்று முன்கூட்டியே அழுது வைத்தாள். வாங்காத ஊசிக்கு அழுத அழுகை அது. படத்துக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

படம் எடுத்தவன் கோகுல். பிரிவின் ஒப்பந்த ஊழியன். அவன் படங்களைத் தலைமையகத்துக்கு அனுப்பி, கீழே இந்தியில் ஒரு வரி எழுதினான். 'எல்லாப் பிள்ளைகளுக்கும் டீக்கா போடப்பட்டது.'

அதில் பொய் ஒன்றும் இல்லை. இந்தியில் நெற்றிப் பொட்டும் டீக்காதான், தடுப்பூசியும் டீக்காதான். இந்தத் தீவுகளில் பெங்காலியும் தெலுங்கனும் தமிழனும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இந்தியில்தான் என்பதால், ஊசிக்கு எல்லோர் வாயிலும் டீக்கா என்றுதான் வரும். தலைமையகத்தில் இருந்தவர்கள் வரியைப் படித்தார்கள். அழுகிற பிள்ளைகளைப் பார்த்தார்கள். கணினியில் அத்தனை பெயருக்கும் நேரே பச்சை அடித்தார்கள். நூறு சதவீதம்.

இரண்டு நாள் கழித்து மகளைத் தூக்கிக்கொண்டு யோகராஜ் சுகாதார நிலையத்துக்குப் போனான். சிஸ்டர் போனை அவன் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள்.

"உம் புள்ளைக்கு ஊசி போட்டாச்சு."

"பொட்டுல்ல வச்சாங்க."

"எனக்குத் தெரியும்ப்பா. நானுந்தான பக்கத்துல நின்னேன். இதுக்குத் தெரியாதே." போனை மேசைமேல் போட்டாள். "இதுல செவப்பா எத்தன பேரு இருக்கோ அத்தன பேருக்குத்தான் மருந்து அனுப்புவாங்க. இப்ப ஒருத்தர்கூட செவப்பு இல்ல. எல்லாம் பச்சை. இனி எனக்கு ஒரு குப்பிகூட வராது."

"போன் போட்டுச் சொல்லுங்க சிஸ்டர், தப்பா ஏறிடுச்சுன்னு."

"சொன்னேன். சிஸ்டர், உங்களுக்கு வேலை செய்யத் தயக்கமான்னு கேக்குறாங்க."

அந்த வாரமே கீழ் லயத்தில் சித்ராவின் பையனுக்குக் கண் சிவந்தது. மூக்கு ஒழுகியது. காதோரம் தொடங்கித் தடிப்பு கீழே இறங்கியது. அகிலா வாசல் கதவைச் சாத்தினாள். லயத்தில் கதவைச் சாத்தினால் என்ன, சுவர் கூரை வரை எட்டாது. அடுத்த வீட்டு இருமல் இந்த வீட்டுக்குள் வந்துதான் அடங்கும். பிள்ளையைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய்விடலாம் என்றால் கடல் இறங்கவில்லை. கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது.

"அந்த ஆபிசர் எங்க?" என்றாள் அகிலா.

"கெஸ்ட் ஹவுஸ்லதான் இருக்காரு. அவருக்கும் படகு இல்ல."

"அப்ப போய்க் கேளுங்க. வேலைக்கு நான் போறேன், பேர் ஒன்னாச்சும் விழட்டும்."

விருந்தினர் இல்லம் ஜெட்டிக்கு மேலே இருந்தது. தீவில் ஜெனரேட்டர் ஓடும் இடம் அது ஒன்றுதான். சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டிக்கு மின்சாரம் கிடையாது. இல்லத்துக் குளிர்பெட்டியில் பழனிசாமிக்கு வாங்கிய சூரை மீன் விறைத்துக் கிடந்தது. யோகராஜ் செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றான். நடந்ததைச் சொன்னான்.

பழனிசாமி கோகுலின் வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"உங்க பொண்ணுக்கு டீக்கா வச்சதா இல்லையா?"

"வச்சாங்க. நெத்தியில."

"எந்த இடத்துலன்னு தலைமையகம் கேட்கலையே. கேட்காததுக்குப் பதில் எழுதினா அது அதிகப்பிரசங்கித்தனம்." கொஞ்சம் இரங்கி வந்தார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா பச்சையைச் சிவப்பாக்கறதுக்கு ஒரே ஒரு வழிதான் வச்சிருக்காங்க. பெற்றோர் மறுப்பு. ஊசி வேண்டாம்னு நீங்க சொல்லிட்டதா எழுதிக் கொடுத்தா, பேர் சிவப்பாயிடும். அப்புறம் மருந்து வரும்."

"எனக்கு வேணும்னுதானே வந்திருக்கேன்."

"வேணும்னா, வேண்டாம்னு எழுதுங்க."

யோகராஜ் கோகுலைப் பார்த்தான். கோகுல் சன்னல் வழியே கடலைப் பார்த்தான்.

சேதி என்னவென்றால், பழனிசாமிக்கும் ஒரு மறுப்பாளர் அவசரமாகத் தேவைப்பட்டார். அன்று காலையில்தான் தலைமையகத்திலிருந்து அவரைக் கேட்டிருந்தார்கள்: நூறு சதவீதம் ஆன தீவில் தயக்கம் இல்லை என்றாகிறது, தயக்கம் இல்லாத இடத்தில் தயக்க நிவாரணப் பிரிவு எதற்கு, ஜீப்பை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடலாமா? அதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது வாசலில் ஒருவன் தானாக வந்து நிற்கிறான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். சம்பந்தி வீட்டுக்காரனைக் கவனிப்பதுபோல பிஸ்கட் தட்டை நகர்த்திவைத்தார்.

கோகுல் போனை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

"மறுத்ததுக்குக் காரணம் சொல்லுங்க அண்ணே."

"ஊசி வரல."

"அது இதுல இல்ல. நாலுதான் இருக்கு. மத நம்பிக்கை, வதந்தி, பயம், குடும்பப் பெரியவங்க தடை. ஒன்னு தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"வரல, அதான் போடலன்னு ஒன்னு சேத்துக்க முடியாதா?"

"டில்லியில போட்டது அண்ணே இது. அங்க எல்லாருக்கும் வருதுல்ல."

யோகராஜ் யோசித்தான். சாமி மேல் பழி போட மனம் வரவில்லை. குடும்பத்தில் பெரியவர் என்று இருந்தவர் அவனுடைய அப்பா. அவர் சுனாமியில் போய்ச் சேர்ந்தார். வதந்தி என்றே போடச் சொன்னான்.

"என்ன வதந்தின்னு கேக்குது."

"ஒன்னும் கேள்விப்படலையே."

"அட, ஏதாச்சும் சொல்லுங்கண்ணே. ஊசி போட்டா கால் வெளங்காது, புள்ள பொறக்காது, அப்படி எதாச்சும்."

"அப்படியெல்லாமா சொல்றாங்க?"

"மெயின்லேண்டுல சொல்றாங்களாம்."

"அப்ப அதையே போடு."

இப்படியாக ரப்பர் தீவுக்குள் முதல் வதந்தி அரசாங்கப் போன் வழியாக வந்து சேர்ந்தது. யோகராஜ் கையெழுத்துப் போட்டான். தனுஷிகாவின் பெயர் சிவந்தது. பழனிசாமி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மனம் திறந்து மறுத்திருக்கீங்க. இப்படி ஒருத்தர் கிடைக்கறது அபூர்வம்."

ஓட்டமும் நடையுமாகச் சிஸ்டரிடம் போய்ச் சொன்னான். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒரு பேரா? ஒரு பேருக்கு மருந்து அனுப்ப மாட்டாங்கப்பா. ஒரு குப்பியில பத்துப் புள்ளைக்கு இருக்கு. தெறந்தா நாலு மணி நேரந்தான் தாங்கும், மிச்சத்தக் கொட்டணும். ஒத்தப் புள்ளைக்குத் தெறந்தா சேதாரம்னு என்னைய மெமோ போட்டுக் கொன்னுருவாங்க."

"அப்ப?"

"அப்ப என்ன, பத்துப் பேரு மறுக்கணும்."

யோகராஜ் லயம் லயமாகப் போனான். ஆள் சேர்க்கிற கட்சிக்காரன்கூட அப்படி நடந்திருக்க மாட்டான். பிள்ளைக்கு ஊசி வேண்டுமென்றால் ஊசி வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இதை ஒருவருக்குப் புரியவைக்கிறதற்குள் அவனுக்குத் தொண்டை வறண்டது. ரெங்கம்மா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"ஏன்டா யோகு, நீ காலையிலேயே போட்டுட்டியா?"

"குடிக்கல அத்தே. சத்தியமா இதுதான் முறையாம்."

"நான் மாட்டேன்னு சொன்னா நாளைக்கு ரேசனை நிறுத்திருவானுவ."

"நிறுத்த மாட்டாங்க. டீ குடுப்பாங்க. பிஸ்கட்டும் உண்டு."

அவள் மகன் ராக்கப்பன் குறுக்கே வந்தான். "எல்லாரும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் அவன் சரி வேணாம்னு சும்மா இருந்துட்டா?"

"சித்ரா மகன் கண்ணு தொறக்க முடியாம கெடக்கான். படுக்குற வரைக்கும் அவன் கூடத்தான் உம் புள்ள வெளையாண்டான்" என்றான் யோகராஜ்.

ராக்கப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு காரணம் எடுத்துக்கொண்டார்கள். ஜெயராணி, தன் மாமியாரே தடை என்றாள். மாமியார் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினாள். ரெங்கம்மாவுக்கு வதந்தி பிடிக்கவில்லை. மத நம்பிக்கை போடச் சொன்னாள். எந்த மதம், எந்த நம்பிக்கை என்று கோகுல் கேட்டபோது, "முனியாண்டி கனவுல வந்து கோவிச்சாருன்னு போடு, அவரு வந்து இல்லன்னு சொல்லப் போறதில்ல" என்றாள். எழுதிவிட்டு வெளியே வந்ததும் முனியாண்டி கோயில் இருந்த மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யோகராஜையும் சேர்த்துப் பத்து பேர் ஆனார்கள்.

தலைமையகம் அரண்டுவிட்டது. நேற்று வரை நூறு சதவீதமாக இருந்த தீவில் ஒரே நாளில் மறுப்பு கொள்ளைநோய்போலப் பரவியிருக்கிறது. வதந்தி, மத நம்பிக்கை, மாமியார் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியிருக்கின்றன. யாரோ பின்னால் இருந்து தூண்டுகிறார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்தார்கள். யோகராஜ். போலீஸ் அவுட்போஸ்ட்டிலிருந்து விஜயன் என்கிற காவலர் வந்து, நீ எந்த அமைப்பு என்று கேட்டுவிட்டுப் போனார். ரப்பர் தோட்டம் என்று சொன்னான். தோட்டத்திலும் சும்மா விடவில்லை. ஊசிக்கு எதிராகப் பிரசாரம் செய்ததற்காகப் பேர் நிறுத்திவைத்தார்கள்.

"மருந்து வருமா, அதச் சொல்லுங்க" என்றாள் அகிலா.

வந்தது. ஹெலிகாப்டரில் வந்தது. கப்பலுக்கே வழியில்லாத நாளில் மறுப்பாளர்களுக்கு ஹெலிகாப்டர் கிடைத்தது. அதிலிருந்து மனநிலை நிபுணர் ஒருவர் இறங்கினார். தகவல் தொடர்பு நிபுணர் ஒருவர் இறங்கினார். விழிப்புணர்வு நாடகக்காரர்கள் மூன்று பேர் மேளத்தோடு இறங்கினார்கள். கடைசியில், ஒருவர் கால் வைக்க முக்காலியாகப் பயன்பட்டுக்கொண்டிருந்த நீலப் பெட்டியும் இறங்கியது. இந்திராணி சிஸ்டர் அதை ஓடிப்போய் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறக்க விடவில்லை. தயங்குகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் ஊசி போடக் கூடாதாம். முதலில் விழிப்புணர்வு, அப்புறம் மனமாற்றம், அதற்கப்புறம்தான் ஊசி. சட்டையைத் தூக்கிவிட்ட பிள்ளைகளோடு பெற்றவர்கள் வெயிலில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். நாடகத்தில் ஒரு மூடத் தகப்பன் வந்தான். ஊசியைக் கண்டு மரத்தில் ஏறிக்கொண்டான். அவனுக்கு லுங்கியும் பால்வெட்டுக் கத்தியும் கொடுத்திருந்தார்கள். கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"மரத்துல ஏறிட்டான் பாரு, எறங்கினா சூப்பர்வைசர் ரெண்டு நாள் பேர் வெட்டுவான்" என்றான் ராக்கப்பன். யாரும் சிரிக்கவில்லை. மனநிலை நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார்: கூட்டம் இறுக்கமாக உள்ளது, தயக்கம் ஆழமானது, இன்னொரு காட்சி நடத்தலாம்.

இன்னொரு காட்சி நடத்தினார்கள்.

யோகராஜ் நாடகம் பார்க்கவில்லை. முந்தின ராத்திரியிலிருந்து தனுஷிகாவுக்கு உடம்பு சுட்டது. மூக்கு ஒழுகியது. அகிலா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். இடம் போய்விடும் என்று எழுந்திருக்கவில்லை. நாடகம் முடிந்து, மனம் மாறியவர்கள் கையைத் தூக்கச் சொல்லி, எல்லோரும் தூக்கிய பிறகு, சிஸ்டர் வந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். வாயைத் திறந்து, கன்னத்தின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே உப்புத் தூவினமாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

சிஸ்டர் டார்ச்சை அணைத்தாள்.

"வந்துருச்சு, அகிலா."

"இப்பக் குத்துனா நிக்காதா?"

"நிக்காது. காய்ச்சல்ல போடவும் கூடாது."

"அன்னைக்கே பெட்டி வந்திருந்தா?"

சிஸ்டர் வைட்டமின் சொட்டு மருந்தைப் பிள்ளை வாயில் விட்டாள். அது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. பிறகு எழுந்துபோய் மற்றப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டாள். ராக்கப்பனின் மகன் கத்தினான். ஜெயராணியின் மகள் சிஸ்டர் கையைக் கடித்தாள். ஒன்பது பிள்ளைகளுக்கும் போட்டு முடித்தபோது குப்பியின் அடியில் ஒரு பிள்ளைக்கானது மிச்சம் இருந்தது.

பழனிசாமி மைக்கைப் பிடித்தார். மனமாற்றத்தைப் பற்றிப் பேசினார். பத்தில் ஒன்பது என்றார். அப்போதுதான் அவர் கண்ணில் அகிலாவின் மடி பட்டது. கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்குக் குரல் தழுதழுத்தது, உண்மையாகவே தழுதழுத்தது.

"பாருங்கள், தாய்மார்களே. இந்தப் பச்சிளங் குழந்தை என்ன பாவம் செய்தது? இதன் தகப்பன்தான் இந்தத் தீவில் முதன்முதலாக ஊசியை மறுத்தவர். கையெழுத்து இருக்கிறது. நானே பக்கத்தில் இருந்தேன். வேண்டாம் என்று எழுதினார், நோய் வேண்டும் என்று வந்துவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அறியாமை. ஆனால் நீங்கள் இந்த முகத்தை மறக்கக் கூடாது." கோகுலைக் கூப்பிட்டார். "கிட்டத்துல எடு. கண்ணு தெரியற மாதிரி."

கோகுல் போனைத் தூக்கினான். எடுத்துவிட்டான்.

ராக்கப்பன் எழுந்து நின்றான். ரெங்கம்மா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். யோகராஜ் யாரையும் பார்க்கவில்லை. ஹெலிகாப்டர் பக்கம் போய், விமானியிடம் தெரிந்த இந்தியில் கேட்டான்: பிள்ளையையும் தாயையும் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொள்ள முடியுமா, நான் வரவில்லை, இரண்டு பேர் போதும். விமானி இடத்தை எண்ணிப் பார்த்துப் பழனிசாமியைப் பார்த்தான். பழனிசாமி மனநிலை நிபுணரைப் பார்த்தார். நிபுணருக்கு மறுநாள் கருத்தரங்கு இருந்தது, தலைப்பு 'விளிம்புநிலை மக்களைச் சென்றடைதல்'. அவரால் இறங்க இயலாது. மேளத்தை இறக்கலாமா என்று கோகுல் கேட்டான். மேளம் அரசாங்கச் சொத்து, திரும்பக் கணக்குக் காட்ட வேண்டும்.

மணல் கண்ணில் அடிக்க, ஹெலிகாப்டர் கிளம்பிப் போனது.

சிஸ்டர் சாயங்காலம் வரை குப்பியைத் திறந்தபடி வைத்திருந்தாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. நேரம் தாண்டியதும் குப்பையில் போட்டாள்.

கடல் இறங்க நாலு நாள் ஆனது. அதற்குள் தனுஷிகாவின் உடம்பு முழுக்கத் தடித்து, தோல் கருத்து உரிந்தது. கண் இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. வெளிச்சம் பட்டால் வீறிட்டாள். படகில் பெரிய தீவுக்கும் அங்கிருந்து கப்பலில் போர்ட் பிளேருக்கும் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்: "மறுத்தது நீங்கதானா?"

"ஆமாங்க" என்றான் யோகராஜ். இல்லை என்று சொன்னால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அவர் கையைப் பிள்ளைமேல் வைப்பதற்குத் தாமதமாகும்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். வலது கண் பிழைக்கவில்லை. கருவிழிமேல் பால் சிந்தி உறைந்தாற்போல் ஒரு வெள்ளை படிந்துவிட்டது. சித்ராவின் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இருமல் மட்டும் நின்றபாடில்லை. ஊசி போட்ட ஒன்பது பிள்ளைகளும் தெருவில் ஓடித் திரிந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போது அகிலா சிரிப்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள்.

திரும்பி வந்தபோது ஜெட்டியில் புது பேனர் கட்டியிருந்தார்கள். தனுஷிகாவின் முகம், ஆள் உயரத்துக்கு. கீழே இந்தியிலும் தமிழிலும் 'மறுத்தால் இதுதான்' என்று எழுதியிருந்தது. தயக்க நிவாரணப் பிரிவுக்கு இரண்டாவது ஜீப் கிடைத்திருப்பதாகக் கோகுல் போனில் சொன்னான்.

அகிலா பேனரைப் பார்க்காமல் தாண்டிப்போய் நேராகச் சிஸ்டரிடம் கேட்டாள்.

"நோவு வந்துட்டுப் போயிருச்சு. இனி அந்த ஊசி வேணாமா?"

"வேணுந்தான். அந்த ஊசி இன்னொரு அம்மைக்கும் சேத்து. ருபெல்லான்னு. பொம்பளப் புள்ளைக்கு அது கட்டாயம், நாளைக்கு அவ வயித்துல ஒன்னு உண்டாகும்போது தெரியும். போட்டே ஆகணும்."

"அப்ப போடுங்க."

சிஸ்டர் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"இப்பச் செவப்புல இவ ஒருத்தி பேருதான் இருக்கு. ஒருத்திக்காகக் குப்பி அனுப்ப மாட்டாங்க."

அகிலா பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பிள்ளை நல்ல கண் பக்கமாக முகத்தைத் திருப்பிச் சிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகராஜுக்கு வெட்டிய பேரைத் தோட்டம் பிறகு கொடுத்துவிட்டது. தனுஷிகாவுக்கு அரசாங்கம் ஒரு ஊசி கடன். அதை இன்னும் கொடுக்கவில்லை.